கிரனாடாவில் ஒரு குசினி



ஸ்பெயின் நாட்டின் தெற்கே கிரனாடா என்று ஒரு நகரம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில், எராஸ்மஸ் முண்டஸ் என்ற ஐரோப்பியப் புலமைப்பரிசில் ஒன்றைப் பெற்று, முதுகலைப் படிப்பின் முதல் ஆண்டுக்காக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆலையடிவேம்பிலிருந்து மத்திய கிழக்குக்குப் போனவர்கள் உண்டு, லண்டனுக்கும் கனடாவுக்கும் போனவர்களும் உண்டு. அங்கெல்லாம் ஒரு மாமாவோ ஊரவர் ஒருவரோ விமான நிலையத்தில் காத்து நிற்பார். ஸ்பானிய மொழி பேசும் ஊருக்குப் போகிறவரை எதிர்கொள்ள எவரும் இல்லை. மட்ரிட் நகரிலிருந்து ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போய் இறங்கியபோது, என்னிடம் இரண்டு பெட்டிகளும், கைநூல் ஒன்றிலிருந்து பாடமாக்கிய நூறு நூற்றைம்பது சொற்களும் இருந்தன.

கிரனாடாவுக்குப் போய் வந்தவன் என்று அறிந்ததும் எல்லோரும் அல்ஹம்ப்ரா மாளிகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது கண்கொள்ளாக் காட்சிதான், ஐயமில்லை. ஆனால் ஒரு மாணவன் மாளிகையில் குடியிருப்பதில்லை. அவன் குடியிருப்பது நான்காம் மாடியில், பாதி வெளிச்சம் வரும் ஓர் அறையில். அன்றாடம் சமைப்பதும், உடுப்புத் தோய்ப்பதும், கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்குவதுமாக அந்நிய ஊர் ஒன்று எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வசப்படுகிறது என்பதையே இன்று உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் வசப்பட மறுத்தது நேரம். அந்த ஊரில் பகலுணவு பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. இராவுணவு ஒன்பது, பத்து மணிக்கு. பகல் இரண்டு மணிக்குக் கடைகளின் இரும்புக் கதவுகள் சடசடவென்று இறங்கிவிடும். ஐந்து மணி வரை வீதி வெறிச்சோடிக் கிடக்கும். நம்மூரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அக்கரைப்பற்றுக் கடைத்தெரு அடங்கிப் போவது போல, அங்கே அநேகமாக ஒவ்வொரு நாளும். இதற்கு வெயில் மட்டும் காரணமன்று. கிரனாடா கிறீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. ஆனால் 1940இல் பிராங்கோவின் ஆட்சி நாட்டின் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு முன்தள்ளி வைத்தது. அது இன்றுவரை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே யூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் அங்கே சூரியன் மறைந்திராது. பொழுது பட்டால்தான் இராச்சோறு என்று வளர்ந்த வயிறு, அந்தக் கடிகாரத்தோடு ஒத்துப்போக ஒரு மாதம் எடுத்தது.

அடுத்தது குளிர். ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைத்திருந்தவர்களுக்கு கிரனாடாவின் மாரிகாலம் ஒரு பாடம். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் முதுகுப்புறம் சியெரா நெவாடா மலைத்தொடர். அதன் உச்சி 3,479 மீற்றர், நமது பிதுருதலாகல மலையைவிட ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் கூட. பழைய வீடுகளில் வெப்பமூட்டும் வசதி குறைவு. அதற்கு அந்த மக்கள் கண்டுபிடித்த உபாயம் அழகானது. வட்டமான மேசை ஒன்று, நிலம் வரை தொங்கும் தடித்த விரிப்பு, மேசையின் அடியில் ஒரு கணப்பு. முன்னொரு காலத்தில் கரித்தணல் வைத்தார்கள், இப்போது மின்சாரக் கணப்பு. எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, விரிப்பைத் தூக்கிக் கால்களை உள்ளே விட்டு, இடுப்பு வரை போர்த்திக்கொண்டு இருப்பார்கள். கால் வெப்பமாகவும் மூக்கு குளிராகவும் இருக்கும். வீட்டுக்காரர் வேறு, வாடகைக்காரர் வேறு என்ற கணக்கு அந்த மேசையில் எடுபடாது. குளிருக்குப் பயந்த அனைவரும் அங்கே ஒரு குடும்பம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் வீட்டுக்காரி இருந்தார். எண்பதை நெருங்கிய அம்மா. மாத வாடகையைக் கொடுக்கப் போனால் அந்த மேசையில் ஓர் இடம் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் கற்றதிலும் கூடுதலான ஸ்பானிய மொழியை அந்த மேசையில்தான் கற்றேன் என்று துணிந்து சொல்வேன்.

காரியாலய அலுவல்களும் இருந்தன. குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் மாநகர சபையில் பெயரைப் பதிய வேண்டும். நம்மூரில் விதானையாரிடம் வதிவிடக் கடிதம் வாங்குவது மாதிரி. அந்தத் துண்டு இல்லாமல் பல காரியங்கள் நகரா. பிறகு அந்நியர் அலுவலகத்தில் வரிசை, கைரேகை, அட்டை. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் மொறோக்கோ, செனகல், பொலிவியா, எக்குவடோர் நாட்டவர்கள். கடுதாசிகளைச் சரிபார்த்துத் தந்தவர்கள் அவர்கள்தான். மாணவன் என்றும் கூலிக்கு வந்தவன் என்றும் அந்த வரிசையில் வித்தியாசமில்லை.

பகலில் பல்கலைக்கழகச் சாப்பாட்டு மண்டபம் இருந்தது. சீட்டு வாங்கினால் சூப்பு, ஒரு கறி, பாண், ஒரு பழம். மலிவு. ஆனால் எத்தனை நாளைக்கு அதைச் சாப்பிடலாம்? சோற்றுக்காக மனம் ஏங்கியபோதுதான் நான் குசினிக்குள் நுழைந்தேன். நேயர்களே, உண்மையில் என் படிப்பு அங்கேதான் ஆரம்பமானது.

வீட்டுக்காரி அம்மா ஒரு நாள் மாடிக்கு வந்து, எது எது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது 'கொசினா' என்றார். நமது குசினி! இது 'மேசா'. நமது மேசை. அங்கே இருப்பது 'அர்மாரியோ'. அலுமாரியேதான். 'பான்' என்றால் பாண். 'தோவாயா' என்றால் துவாய். 'சபாத்தோ'க்களைக் கழற்றிவிட்டு வா என்றார், சப்பாத்தைக் கழற்றினேன். முற்றத்தில் இருந்தது 'பாங்கோ'. நாங்கள் வாங்கு என்போம். மூலையில் இருந்த சாராயக் கடையின் பெயர்ப்பலகையில் 'தபெர்னா' என்றிருந்தது. நம் பெரியவர்கள் சொல்லும் தவறணை!

என் கைநூல் தந்த சொற்களைவிட, என் அம்மம்மா தந்த சொற்கள் அன்று கூடுதலாகப் பயன்பட்டன. சாகாமத்து வயலுக்கும் பனங்காட்டுக் கோயிலுக்கும் அப்பால் அதிகம் போயிராத அவர், ஐரோப்பியச் சொற்களைத் தன் அடுப்படியில் வைத்துப் புழங்கினார் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் நாற்காலி, சமையலறை, துண்டு என்பார்கள். நாமோ கதிரை, குசினி, துவாய் என்போம். இவை போர்த்துக்கேயர் நம் கரையில் விட்டுச்சென்ற சொற்கள். போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் மொழியின் பிள்ளைகள். உடன்பிறந்தவர்களின் சாயல் போல ஒன்றில் மற்றது தெரியும். எல்லாம் ஒத்துவரும் என்றும் நம்பிவிடக் கூடாது. கதிரைக்கு அவர்கள் 'சீயா' என்பார்கள். 'கதேரா' என்றால் அவர்களுக்கு இடுப்பு. பேனா நமக்கு எழுதும் கருவி. 'பேனா' என்று அங்கே சொன்னால் அதற்குத் துயரம் என்று பொருள். எழுத்தாளர்கள் இதைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லக்கூடும்.

இந்த உறவு வெறும் சொல்லோடு நிற்பதுமில்லை. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். கோட்டை எழுந்த அந்தக் காலத்தில் போர்த்துக்கல்லுக்குத் தனி அரசன் இல்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினின் மன்னரே போர்த்துக்கல்லுக்கும் மன்னர். அதாவது நமது வாவிக்கரைக் கோட்டையின் முதற்கல் மட்ரிட் அரண்மனையில் இருந்த நான்காம் பிலிப்பின் பெயரால் விழுந்தது. அந்தத் தொடர்பின் மிச்சமாக மட்டக்களப்பில் பறங்கியர் குடும்பங்கள் சில இன்னும் போர்த்துக்கேயக் கலப்புமொழியைப் பேசி வருகின்றன.

குசினி கிடைத்துவிட்டது. இனிச் சமைக்கச் சாமான் வேண்டுமே! கிரனாடாவில் கல்தெரேரியா என்ற ஓர் ஒடுங்கிய தெரு உண்டு. தேநீர்க் கடைகளும் மொறோக்கோக்காரரின் கடைகளும் நிறைந்த தெரு. அதை அண்டிய கடைகளில் சீரகம், மல்லி, காய்ந்த மிளகாய், ஹலால் இறைச்சி எல்லாம் வாங்கலாம். தேங்காய்ப் பாலுக்குச் சீனக்கடை. தெற்கே ஒரு மணித்தியாலப் பயணத்தில் மொத்ரில் கடற்கரை. அங்கே மாம்பழம் விளைகிறது. நமது அன்னமுன்னாவின் இனத்தைச் சேர்ந்த 'சிரிமோயா' விளைகிறது. 2006 வரைக்கும் அந்தக் கரையில் கரும்பாலைகூட இயங்கியது. எங்கள் மாவட்டத்து ஹிங்குராணைக் கரும்பை நினைத்துக்கொள்வேன்.

கடைச்சிட்டையை எழுதும்போது இன்னொரு புதினம் கண்ணிற் பட்டது. சீனிக்கு 'அசூக்கார்'. அரிசிக்கு 'அரோஸ்'. எண்ணெய்க்கு 'அசெயித்தே'. மூன்றும் அரபு வழியாக ஸ்பானியத்துக்குள் வந்தவை. இவற்றுள் அசூக்கார் என்பது நமது சர்க்கரைக்கு உறவு. சமஸ்கிருதம், பாரசீகம், அரபு என்று வீடு வீடாகத் தங்கி அது ஸ்பெயின் வரை போயிருக்கிறது. தோடம்பழத்தை அவர்கள் 'நராங்கா' என்பார்கள். அதன் வேர் நம் நாரத்தைப் பக்கம் போகிறது என்பது அறிஞர் கருத்து. நகர மேயரை 'அல்கால்தே' என்பார்கள். அது அல்-காழி, நம் அக்கரைப்பற்றில் காதியார் என்று அழைக்கிறோமே, அதே சொல். நாளைக்கு மழை பெய்யாதா என்று ஆசைப்படும் ஸ்பானியக் கிழவி 'ஓஹலா' என்று பெருமூச்சு விடுவாள். அல்லாஹ் நாடினால் என்று பொருள்படும் அரபுத் தொடரின் தேய்ந்த உருவம் அது. அதைச் சொல்கிறவள் சிலுவை அணிந்திருப்பாள்; தன் வாயில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான், நேயர்களே, வேடிக்கை தீர்ந்து வேறொன்று தொடங்கியது.

பேராலயத்தை அடுத்து ஒரு சிறிய தெரு. ஒரு பக்கம், கிரனாடாவைக் கைப்பற்றிய இசபெல் அரசியும் பெர்னாந்து மன்னரும் துயிலும் கல்லறைக் கோயில். நேரெதிரே, கிரனாடா சுல்தான் முதலாம் யூசுப் 1349இல் நிறுவிய மத்ரசாக் கட்டடம். இப்போது அது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். கிரனாடாவின் கடைசி முஸ்லிம் அரசு 1492 சனவரியில் வீழ்ந்தது. பிறகு கட்டாய மதமாற்றம் வந்தது, கிளர்ச்சி வந்தது. ஈற்றில் 1609 முதல் 1614 வரை, மதம் மாறியவர்களின் சந்ததியாரும் நாட்டைவிட்டே கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். ஆட்கள் போனார்கள். சீனியும் அரிசியும் எண்ணெயும் என்று அவர்கள் சொன்ன சொற்கள் மட்டும், துரத்தியவர்களின் குசினியில் தங்கிவிட்டன.

அதே முடியின் கீழ், சில ஆண்டுகள் கழித்து, 1626இல் இலங்கையின் போர்த்துக்கேயக் கரையோரங்களிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுட் பலரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. துரத்தப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்த கரை நம்முடையது. வயலும் வாவியும் சந்தையும் ஒன்றாகவே இருந்தன. அப்படி இருந்த கரையில்தான் 1985இலும் 1990இலும் நடந்தவை நடந்தன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் அஞ்சி, ஒரு வீதியை எல்லையாக்கி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பேசக் கற்றுக்கொண்டோம். இரு பக்கத்திலும் பிணங்கள் விழுந்தன. இரு பக்கத்திலும் அழுதவர்கள் ஒரே தமிழில் அழுதார்கள். ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதை அறிந்த உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அந்த மாரிகாலத்தில் ஒரு மாலை. வட்ட மேசையில் கால்களைப் போர்த்தியபடி வீட்டுக்காரி அம்மாவும் நாங்கள் மூன்று மாணவர்களும் தொலைக்காட்சிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். 2007 டிசெம்பரில் ஸ்பெயின் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரிலும் அதன் பின்வந்த சர்வாதிகாரத்திலும் பாதிக்கப்பட்டவர்களை ஏற்று, அவர்களின் நினைவைப் பேணுவதற்கான சட்டம் அது. போர் முடிந்து 68 ஆண்டுகளுக்குப் பிறகு! அம்மா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். தான் பிறந்த கிராமத்தில், எதிரெதிர் வாசலில் இருந்த இரண்டு குடும்பங்கள் போருக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பேசவேயில்லை என்றார். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்களாம். பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள மட்டும் கற்றுக்கொடுக்கப்பட்டது. பிறகு என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் அயலவர்கள் எப்படி என்று கேட்டார்.

என் ஸ்பானிய மொழி அந்தக் கேள்விக்குப் போதவில்லை. உண்மையில், தமிழில் கேட்டிருந்தாலும் உடனே சொல்லத் தெரிந்திராது. எங்கள் வயலில் வேலைக்கு வந்த காக்காவையும், நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பிய ராத்தாவையும், பிறகு பல ஆண்டுகள் அந்தக் கஞ்சி வராமற் போனதையும், 2004 சுனாமியின்போது யார் எவர் என்று பாராமல் ஒருவரையொருவர் தூக்கிச் சென்றதையும் துண்டுதுண்டாகச் சொன்னேன். இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து வந்தன. அம்மா திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மொழியில் கடை வாங்கப் பழகுவது ஒன்று, அதில் தன் ஊரின் காயத்தைச் சொல்லப் பழகுவது வேறொன்று. இரண்டாவதைச் செய்த அன்றுதான் அந்த ஊரில் நான் குடியேறினேன் என்பது என் எண்ணம்.

மறுநாள் 'லொக்குத்தோரியோ' என்ற தொலைபேசிக் கடைக்குப் போனேன். இலக்கமிட்ட சிறிய கண்ணாடிக் கூடுகள், உள்ளே ஒரு தொலைபேசி, காசைக் காட்டும் மணிக்கூடு. இப்போதைய பிள்ளைகளுக்கு அது புதினமாக இருக்கும். கையடக்கத் தொலைபேசியில் முகம் பார்த்தே பேசிவிடுகிறார்கள். கிழக்கில் போர் ஓய்ந்ததாக அந்த ஆண்டு யூலையில் அறிவித்திருந்தார்கள். வடக்கில் அது 2009 மே வரை நீடித்தது. அப்பாவிடம் வேளாண்மை எப்படி என்று கேட்டேன். பின்பு, அந்தக் காக்கா வீட்டார் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து அப்பா, "மறுகா போய்ப் பார்த்திட்டு வாறன்" என்றார். அவர் போனார் என்பதை அடுத்த கிழமை அறிந்தேன்.

கிரனாடா என்றதும் இலக்கிய நேயர்கள் லோர்க்காவின் பெயரை எதிர்பார்ப்பீர்கள். பெதெரிக்கோ கார்சியா லோர்க்கா 1898இல் அந்நகருக்கு அருகே பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகம் போனவர். 1929இல் அவரும் ஓர் அந்நிய மாணவரானார். நியூயோர்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். ஆங்கிலம் அவருக்கு வசப்படவில்லை. ஆனால் அந்நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வலி அவருக்கு விளங்கிற்று. அந்தக் கவிதைகள் நூலாக வந்தபோது ஆண்டு 1940. கவிஞர் உயிரோடு இல்லை. 1936 ஆகஸ்டில், சொந்த ஊரின் எல்லையில், அவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 2009இல் ஓரிடத்தைத் தோண்டிப் பார்த்தும் அவரது எலும்புகள் கிடைக்கவில்லை. தூரத்து நகரத்தில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை, அயலில்தான் நேர்ந்தது. அவர் குடும்பத்தின் கோடைகால வீடு இப்போது நினைவகம். ஞாயிறுகளில் அதன் பூந்தோட்டத்தில் போய் இருப்பேன்.

நம் பிள்ளைகள் இனியும் வெளிநாடு போவார்கள், போகட்டும். போகிறவர்களுக்கு ஒரு சொல். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஆங்கிலத்தோடும் கணினியோடும் படிப்பை முடித்துவிட்டு வர முடியும், பட்டம் கிடைக்கும். ஆனால் கீழ்மாடியில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அவரோடு ஒரு மேசையில் இருங்கள். உங்கள் அம்மம்மாவின் சொற்களைப் பட்டிக்காட்டுச் சொற்கள் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கதவுக்கு எந்தச் சொல் சாவியாகும் என்று யாருக்குத் தெரியும்?

போகாதவர்களுக்கும் ஒன்று உண்டு. கிரனாடாவில் அரபுச் சொற்களை நான் நாள்தோறும் கேட்டேன். அவற்றைக் கொண்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கோ அங்கே இடமில்லாமற் போய் நானூறு ஆண்டுகளாகின்றன. நம் கரையில் சொல்லும் இருக்கிறது, சொன்னவர்களும் இருக்கிறார்கள். வீதியைக் கடந்து போனால் காணலாம்.